முதல் வரிசை, பதினேழாம் எண்

எங்கள் ஸ்டேடியத்தில் பதினெட்டாயிரத்து நானூறு இருக்கைகள். அத்தனைக்கும் எண் எழுதியவர் ஒரே ஆள். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. ஊருக்கு அவர் எண்ணுக்காரர். அவர் எழுதிய எட்டின் வளைவைப் பார்த்து ஒரு பூனை பொறாமையில் மூன்று நாள் பட்டினி கிடந்ததாக ஒரு பேச்சு உண்டு. அவர் எண் போட்ட பிறகு புறாக்கள்கூட இடம் மாறி உட்காருவதில்லை என்றும் சொல்வார்கள். பூனைக் கதை பொய். புறாக் கதைக்கு நானே சாட்சி.

அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் பஞ்சுத் துண்டை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு, சிமென்ட் படிகளில் தவழ்ந்துதான் வேலை. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பத்துத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஓர் எண் வெட்டப்பட்டிருக்கும். தகட்டைப் படியில் அழுத்தி, வெள்ளைப் பெயின்டைத் தூரிகையால் ஒற்றி எடுத்தால் எண் விழும். மழைக்காலம் முடிந்ததும் வடக்கு வாசலில் தொடங்குவார்; ஒவ்வொரு கேலரிக்கும் எண் ஒன்றிலிருந்து. கடைசி எண்ணுக்கு வந்து சேர்வதற்குள் முதல் எண்கள் மங்கிப்போயிருக்கும். "நான் கையால எழுதுறதை ஜனங்க உக்காந்தே அழிச்சிடுறாங்க" என்பார். குறையாகச் சொல்ல மாட்டார். அழித்தால்தானே அடுத்த வருஷம் வேலை.

அவர் மனைவிக்கு ஒரே ஒரு புகார். "தூக்கத்துல என்னைக் கூப்பிடாம முன்னூத்தி நாப்பது, முன்னூத்தி நாப்பதுன்னு கூப்பிடுறார். யாரு அவ, முன்னூத்தி நாப்பது? அவளை நான் பாத்தாகணும்."

இந்த மனிதருக்கு ஓர் அக்கா இருந்தாள். இருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு. அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை பேருந்தில் வந்து இறங்குவாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி மெலிந்துவிட்டான் என்று தம்பி மனைவியிடம் சண்டையைத் தொடங்கி, திரும்பிப் போகும்போது அதே தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

பிறகு அந்த ஆட்டம் நடந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நம் நீலச் சட்டைக்கும் அவர்கள் சிவப்புச் சட்டைக்கும் கால்பந்து என்றால் சும்மாவே இரண்டு கரையிலும் நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கும். அன்று கடைசி நிமிஷத்தில் ஒரு பந்து கோட்டைத் தாண்டியது என்று அவர்கள். கோட்டின் மேலேயே நின்றது என்று நாம். கேலரியில் எழுந்த கூச்சலில் மூன்று தெரு தள்ளியிருந்த கடையில் முட்டைகள் உடைந்துபோயின. முட்டையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மண்டைகளும் உடைந்தன. ஒரு மாதத்தில் பாலத்தை மூடிவிட்டார்கள். அதற்கு வேறு பெரிய பெரிய காரணங்கள் இருந்தன என்று செய்தித்தாள் படிப்பவர்கள் சொல்கிறார்கள். எங்கள் தெருவைக் கேட்டால் அந்தப் பந்துதான் காரணம்.

அதன்பின் அக்காவும் தம்பியும் தொலைபேசியில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. இவர்களுடைய அம்மா இறந்தபோது, அக்கா அந்தப் பக்கத்திலிருந்து அழுவதை இவர் கைபேசியில் வாங்கி, அம்மாவின் காதருகே வைத்துப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் அப்படியே நின்றார். தோள் மரத்துப்போனது. யாராவது வாங்கிக்கொள்கிறோம் என்றபோதும் கொடுக்கவில்லை.

ஞாயிறு தோறும் அக்கா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"ஏழு எப்படிடா இருக்கு? நடக்குதா?"

அது ஒரு பழைய கணக்கு. இவர் சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பின்சுவரில் கரித்துண்டால் ஒன்று முதல் பத்து வரை எழுதினார். ஏழின் கால் மடங்கிப்போயிருந்தது. "ஐயோ பாவம், உன் ஏழு நொண்டுதுடா! யாரு உதைச்சது அதை?" என்று அக்கா தெருவையே கூட்டிக் காட்டினாள். ஐம்பத்தெட்டு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தீரவில்லை. பதினெட்டாயிரத்து நானூறு எண் எழுதிய கை என்ற மரியாதையெல்லாம் அவளிடம் செல்லாது.

"தகடு வெச்சு எழுதுறேன்க்கா. எல்லா ஏழும் நேராத்தான் நிக்குது."

"தகடு நிக்கும். நீ எழுதுனா நிக்குமா?"

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அறிவிப்பு வந்தது. இரண்டு நாடுகளுக்கும் நடுவில் ஒரு நட்பு ஆட்டம். இந்த ஸ்டேடியத்தில். அந்தப் பக்கத்து ரசிகர்களுக்கு நானூறு இடங்கள்: தெற்கு கேலரியில் பத்து வரிசை, வரிசைக்கு நாற்பது. டிக்கெட் கிடைத்தவர்களுக்கு மட்டும் அன்று ஒருநாள் பாலம் திறக்கும். காலையில் பேருந்து நேராக ஸ்டேடிய வாசலில் இறக்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் அதே பேருந்து அள்ளிக்கொண்டு போகும். தெருவில் கால் வைக்கக் கூடாது. உள்ளூர்க்காரர்கள் அந்தக் கேலரிக்குள் நுழையக் கூடாது, இடம் காட்டும் ஊழியர்களைத் தவிர.

இடம் காட்டும் ஊழியர் யார்? ஆட்ட நாட்களில் எண்ணுக்காரருக்கு அதுதான் வேலை.

விண்ணப்பத்தில், எந்த இடம் வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அக்கா தொலைபேசியில் கேட்டாள். "டேய், எந்த வரிசைன்னு கேக்குறான். என்னன்னு போட?"

"முதல் வரிசை, பதினேழு."

"என்னடா, வாயிலயே வெச்சிருந்த மாதிரி சொல்ற?"

"பதினெட்டாயிரத்து நானூறுல எது நல்ல இடம்னு எனக்குத் தெரியாதா?"

"எதிர்வீட்டுத் தையல்காரர் ஒன்பதாவது வரிசை போட்டிருக்கார்டா. அங்கேருந்து பாத்தாத்தான் முழு ஆட்டமும் தெரியுமாம்."

"அவர் ஆட்டம் பாக்க வர்றார். நீ எதுக்கு வர்ற?"

"பதினேழே போடுறேன்" என்றாள்.

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, மேல் வரிசைக்குக் கூரை இருக்கு. அண்ணிக்கு எழுபத்து மூணு வயசு. மொட்டை வெயில்லயா உக்கார வைப்பீங்க? மேலேயே கேக்கச் சொல்லுங்க."

"அவளுக்கு என்னைப் பாக்கணுமா, கூரையைப் பாக்கணுமா?"

அவர் பிடிவாதத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அக்காவுக்குக் கண் பார்வை தேய்ந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் முகம் தெரியாது, நிழல்தான் தெரியும். ஊழியர்கள் எல்லோருக்கும் இடம் காட்டி முடித்ததும் கம்பி வேலியில் இருக்கும் சின்னக் கதவுக்குப் போய் நிற்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. கதவுக்கு நேர் எதிரே முதல் வரிசை, பதினேழு. பதினொரு அடி. அவர் நாடா வைத்து மூன்று தடவை அளந்திருந்தார். இரண்டாம் வரிசை என்றால் பதிமூன்றரை.

நாடாவோடு விட்டாரா? ஒரு நாள் மதியம் மனைவியை ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போய், பதினேழில் உட்காரவைத்து, எண்ணெய் தடவிய பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். அவர் கதவருகே போய் நின்றுகொண்டு கையைத் தூக்கினார்.

"எத்தனை விரல்?"

"மூணு."

"நாலு!"

"கட்டை விரலையெல்லாம் நான் சேக்குறதில்ல."

"சரி, என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. முப்பத்தஞ்சு வருஷமா தெரியுது. கண்ணாடியைக் கழட்டவா?"

அன்று மாலையே பதினேழாம் எண்ணைப் புதிதாக எழுதினார். ஒன்றுக்குத் தகடு வைத்தார். ஏழுக்கு வைக்கவில்லை. வெறும் கையால், தூரிகையின் முனையால், ஒரு காலை மடக்கி, கரித்துண்டு பிடித்த சிறுவன் எழுதியதுபோலவே ஒரு நொண்டி ஏழு எழுதினார். நேராக எழுதியே பழகிய கை; அந்தக் கோணலை வரவழைக்க நான்கு முறை துடைத்து எழுத வேண்டியிருந்தது. அக்கா வந்து குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, அந்தக் கேலரியே திரும்பிப் பார்க்கும்படி சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. மற்றபடி யார் ஜெயித்தால் என்ன.

ஸ்டேடிய மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். கழுத்தில் ஒன்று எப்போதும் தொங்கும். தேநீர் கேட்பதற்குக்கூட அதைத்தான் ஊதுவார் என்பார்கள். அவர் சுற்றி வரும்போது நின்றார்.

"அண்ணே, பதினேழு கோணலா இருக்கே."

"அது அப்படித்தான் சார் இருக்கணும்."

"பதினெட்டாயிரத்துல இது ஒண்ணு மட்டுமா?"

"ஒண்ணே ஒண்ணு சார்."

விசில் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல நடந்துபோனார். கெட்ட மனிதர் இல்லை.

அக்காவுக்கு டிக்கெட் கிடைத்தது. பாலத்தைக் கடக்கும் அனுமதியும் அதோடு சேர்ந்தே வந்தது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை போதவில்லை; தினமும் பேசினாள். முதுகு சாயாமல் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமே என்று அவள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பயிற்சி எடுக்கிறாளாம். ஏறி இறங்க வழியில்லாமல் அவள் மகள் சமையலறை ஜன்னல் வழியாகப் போய்வருகிறாளாம். கதையை ஊதிப் பெருக்குவதில் அக்காவும் எங்கள் ஊர்க்காரிதான் என்பதால் ஜன்னல் சங்கதியை நான் முழுதாக நம்பவில்லை.

"உங்க பசங்க ஆறு கோல் வாங்கித் தோக்கணும்னு கத்தப்போறேன்டா. அங்கே வந்து, உன் காதுல விழுற மாதிரி."

"நான் நீலச் சட்டை போட்டுக்கிட்டு வேலைல நிப்பேன். எல்லாருக்கும் முன்னாடி திட்டாதக்கா."

"நட்பு ஆட்டம்டா அது. தம்பியைத் திட்டாம வேற யாரைத் திட்டுறது?"

ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விசில் ஒரு காகிதத்தோடு வந்தார். அன்று அவர் ஊதவில்லை. எண்ணுக்காரர் கிழக்கு வாசலில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, தெற்கு கேலரில முதல் மூணு வரிசை வேண்டாமாம். பாதுகாப்புக் குழு உத்தரவு. ஜனங்களுக்கும் மைதானத்துக்கும் நடுவுல காலி இடம் விடணுமாம். அந்த நூத்தி இருபது எண்ணையும் சாம்பல் பெயின்ட் அடிச்சு மறைச்சிடுங்க."

எண்ணுக்காரர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "அந்த டிக்கெட்காரங்களை எங்க உக்கார வைப்பீங்க?"

"அவங்க வரலைண்ணே. டிக்கெட் ரத்து."

"மேல ஏழு வரிசை இருக்கே சார். நெருக்கி உக்காந்தா…"

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கு. ஒரு இடம்கூட மிச்சமில்ல."

"ஒரு ஆள் சார். எழுபத்து மூணு வயசு. எதையும் தூக்கி எறிய மாட்டா. திட்டுவா, அவ்வளவுதான்."

விசிலுக்கு அப்போதுதான் அந்தக் கோணல் ஏழு புரிந்திருக்க வேண்டும். காகிதத்தை நான்காக மடித்தார்; திரும்பப் பிரித்தார். "நேத்தே பாலத்துக்குப் பட்டியல் போயிடுச்சுண்ணே. அங்க பேரை அடிச்சுட்டாங்க. நீங்க இங்க எண்ணை விட்டு வெச்சாலும் அவங்களால ஏறி வர முடியாது. நான் கேட்டுப் பாக்குறேன்னு சொன்னா அது பொய். சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்."

நட்பைக் காப்பாற்ற மூன்று வரிசை காலியாக இருக்க வேண்டியிருந்தது. எந்த மூன்று என்பதில்தான் எல்லாம். ஒன்பதாம் வரிசைத் தையல்காரர் வருகிறார். பத்தாம் வரிசையில் தூணுக்குப் பின்னால், பாதி மைதானம் தெரியாத மூலையில் இடம் கிடைத்தவரும் வருகிறார். அந்த ஸ்டேடியத்தின் ஒவ்வொரு படியையும் முழங்காலால் அறிந்த மனிதர் பொறுக்கி எடுத்துக் கொடுத்த இடம்தான் இல்லாமல் போனது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். நான் அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை அவள் உதடுவரை வந்தது, அவர் பார்த்தார். அவள் அதை விழுங்கிவிட்டு, அவர் முழங்காலில் இருந்த பஞ்சுத் துண்டுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். அவள் கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் நூற்றுப் பத்தொன்பது எண்களை மறைத்தார். பதினேழை மட்டும் விட்டுவைத்தார். சாம்பல் படிகளுக்கு நடுவே அந்த நொண்டி ஏழு தனியாக, ஒன்றின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. விசில் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். இரண்டு முறையும் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்த இரண்டு நாளும் அக்கா பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை இவரே அழைத்தார். அவள் மகள் எடுத்து, எதுவும் சொல்லாமல் கொடுத்தாள்.

"அக்கா."

"காகிதம் வந்துச்சுடா."

"ம்."

"எந்த வரிசையெல்லாம் எடுத்தாங்க?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"நாலு இருக்கா?"

"இருக்கு."

"அடப்பாவி" என்றாள் அக்கா. "முதல் வரிசை கேளுன்னு உனக்கு யாருடா சொல்லச் சொன்னது? பெரிய எண்ணுக்காரன்! பதினெட்டாயிரத்து நானூறு இருக்காம், அதுல எதுல உக்காரக் கூடாதோ அதைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கான் பாரு. ஊருக்கெல்லாம் இடம் காட்டுவானாம்! கூடப் பொறந்தவளுக்கு…" அதற்குமேல் திட்ட வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தத் திட்டு அவருக்கு வேண்டியிருந்தது. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு சொல் சிந்தாமல் வாங்கிக்கொண்டார்.

"பதினொரு அடிக்கா. அளந்து பாத்தேன். அங்கேருந்துதான் உனக்கு என் மூஞ்சி தெரியும்."

"தெரியுது" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை.

அவளே தொடர்ந்தாள். "தையல்காரர்கிட்ட சொல்லியிருக்கேன். சின்னக் கதவுகிட்ட நீலச் சட்டையில நிப்பான், நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னு. மெலிஞ்சிருக்கானா, முடி எவ்வளவு மிச்சம், எல்லாம். அவர் கண்ணு ஊசித் துளையைப் பாத்த கண்ணு. நிமிந்து நில்லு, கூனிக்கிட்டு நிக்காத."

"சரிக்கா."

"அடுத்த ஆட்டம் இன்னும் இருபத்திரண்டு வருஷத்துல வெப்பாங்க. எனக்குத் தொண்ணூத்தஞ்சு. அப்ப எந்த வரிசையும் வேண்டாம், வீட்டுலேருந்து நாற்காலி கொண்டாந்துடுறேன்."

இருவரும் சிரித்தார்கள். நிறுத்தும்போது யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"அந்தப் பதினேழை என்ன பண்ணுன?"

"விட்டு வெச்சிருக்கேன்." தயங்கினார். "ஏழை மட்டும் வெறுங்கையால எழுதுனேன்க்கா. உனக்காக. நொண்டி ஏழு."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"மறைச்சிடு" என்றாள்.

"அக்கா…"

"மறைச்சிடுடா. எவனாவது காவல்காரன் கால் கடுக்குதுன்னு வந்து அது மேல உக்காருவான். அது என்னோடது. நான் உக்காராத இடத்துல வேற எவனும் உக்காரக் கூடாது."

மறுநாள் காலையில் முழங்காலில் பஞ்சைக் கட்டிக்கொண்டு போனார். சாம்பல் பெயின்ட் டின்னைத் திறந்து குச்சியால் கலக்கினார். கலங்கிய பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார். முதலில் ஒன்று. ஒரே இழுப்பில் போனது. பிறகு ஏழின் தலை. கடைசியாக அந்த மடங்கிய கால். ஒரு பூச்சில் மறையவில்லை. வெள்ளை உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டாம் பூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, பத்து மணியும் இல்லை.

"அடிச்சிட்டியா?"

"இப்பத்தான்க்கா. ரெண்டாவது பூச்சு."

"காஞ்சிடுச்சா?"

ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் சாம்பல் ஒட்டியது.

"இன்னும் இல்ல."

"எவ்வளவு நேரமாகும்?"

"வெயில் நல்லா இருக்கு. அரை மணி ஆகும்."

"சரி. காயுற வரைக்கும் அங்கேயே இரு, எவனாவது மிதிச்சிடப் போறான். போனை வெக்காத, நானும் இருக்கேன்."

தூரிகையைத் துணியில் சுற்றி வைத்தார். பதினாறும் பதினெட்டும் முன்பே காய்ந்திருந்தன. பதினெட்டில் உட்கார்ந்து, பதினேழுக்குப் பக்கத்தில், கைபேசியைக் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். எதிரே பதினொரு அடியில் சின்னக் கதவு திறந்து கிடந்தது. மைதானத்தில் யாரோ கோல் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மூச்சு விடுவது கேட்டது. அவள் வீட்டு மாடிப்படியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரோ அவளிடம் வழி கேட்பதும், அவள் "சும்மா ஜன்னல் வழியாப் போடி" என்று அதட்டுவதும் கேட்டது.